பண்ணையடிமை முறையின் இரு வேறு முடிவுகள்

1347 அக்டோபரில் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் கரையேறிய கொள்ளைநோய், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் பரவி, மக்களில் மூன்றில் ஒரு பங்கினரிலிருந்து பாதிப்பேர் வரை கொன்று தீர்த்தது. பின்னாளில் கறுப்பு மரணம் என்று பெயர் பெற்ற இந்நோய் ஓய்ந்தபோது, உழுவதற்கு நிலம் இருந்தும் உழ ஆளில்லாத நிலை பல நாடுகளில் உருவாகியிருந்தது. ஆள் அரிதானால் உழைப்பின் மதிப்பு உயரும் என்பது எவருக்கும் விளங்கக்கூடிய கணக்கு; மேற்கு ஐரோப்பாவில் பொதுவாக நடந்ததும் அதுவே. 1500ஆம் ஆண்டை நெருங்கும்போது இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் பண்ணையடிமை முறை மறைந்துவிட்டது. ஆனால் எல்பே நதிக்குக் கிழக்கே, போலந்து, பிரஷ்யா, பொஹீமியா, ஹங்கேரி, ரஷ்யா ஆகிய நாடுகளில், அதுவரை ஓரளவு சுதந்திரமாக வாழ்ந்துவந்த உழவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கி அடுத்த இருநூறு ஆண்டுகளில் நிலத்தோடு பிணைக்கப்பட்டார்கள். உழைப்புப் பற்றாக்குறை ஓரிடத்தில் விடுதலையையும் மற்றோரிடத்தில் அடிமைக்கட்டையும் எவ்வாறு விளைவித்தது என்ற கேள்வியை அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று தனித்தனியே பிரித்து வைத்து விடைகாண இயலாது. இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிய ஆய்வுகளில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளான கேள்விகளுள் இதுவும் ஒன்று.

பண்ணையடிமை என்பவர் சந்தையில் விற்கப்படும் அடிமை அல்லர். அவருக்குக் குடும்பமும் வீடும் உழுதுண்ண நிலமும் இருந்தன. ஆனால் பிரபுவின் அனுமதியின்றி அந்த ஊரை விட்டுப் போகவோ, மகளுக்கு மணம் முடிக்கவோ, நிலத்தைக் கைமாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. இந்த நிலையின் வேர்களுள் ஒன்று உரோமப் பேரரசின் பிற்காலத்தில் இருக்கிறது. கொலோனி எனப்பட்ட குத்தகை உழவர்கள் ஓடிப்போனால் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் 332இல் சட்டம் இயற்றினார். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிசுக்கு அருகிலிருந்த சான் ஜெர்மன் தே பிரே மடாலயத்தின் மடாதிபதி இர்மினோன் தொகுப்பித்த நிலப்பதிவேடு, ஒவ்வொரு குடும்பத்தின் பெயர், பிள்ளைகள், நிலத்தின் அளவு, மடாலயத்துக்குச் செலுத்த வேண்டிய கோழி, முட்டை, மது, உழவு நாள்கள் வரை குறித்துவைத்திருக்கிறது. எழுத்தறியாத ஆயிரக்கணக்கான உழவர்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவது, அவர்களிடமிருந்து எவ்வளவு பெறலாம் என்று கணக்கெழுதிய கரங்களின் வழியாகத்தான் என்பதை இக்காலத்தைப் பற்றிப் படிக்கும் எவரும் மறந்துவிடலாகாது.

843இல் வெர்டன் உடன்படிக்கையால் சார்லமேனின் பேரரசு மூன்றாகப் பிரிந்த பின்னர், வடக்கிலிருந்து வைக்கிங்குகளும் கிழக்கிலிருந்து மாகியார்களும் தெற்கிலிருந்து அரபுப் படைகளும் தாக்கியபோது, அரசரின் அதிகாரம் கோட்டை கட்டிக்கொள்ளும் வலிமை பெற்றவர்களின் கைகளுக்குச் சிதறிச் சென்றது. படைசேவைக்கு ஈடாக நிலம் வழங்கி, அதைப் பெறுபவரிடம் விசுவாச உறுதிமொழி வாங்கும் வழக்கத்தையே நிலமானிய முறை என்று பாடநூல்கள் குறிக்கின்றன. மார்க் பிளாக் 1939–40இல் வெளியிட்ட ‘நிலமானியச் சமூகம்’ என்ற நூல் இம்முறையை ஒரு முழுச் சமூக அமைப்பாக விளக்கிற்று. ஆனால் எலிசபெத் பிரௌன் 1974இலும் சூசன் ரெனால்ட்ஸ் 1994இலும் முன்வைத்த விமரிசனங்கள், பிற்காலச் சட்ட வல்லுநர்கள் உருவாக்கிய ஒழுங்கான வரைபடம் முற்காலத்தின் பலவகைப்பட்ட நடைமுறைகள்மீது ஏற்றப்பட்டுவிட்டது என்று காட்டின. பிரபுக்களுக்கும் அரசருக்கும் இடையிலான உறவைப் பொறுத்தவரை இந்த விமரிசனம் பெரிதும் ஏற்கத்தக்கதே. எனினும் பிரபுவுக்கும் உழவருக்கும் இடையிலான உறவை அது அசைத்துவிடவில்லை. நீதி வழங்கும் அதிகாரமும் நிலத்தின்மீதான உரிமையும் ஒரே கையில் சேர்ந்திருந்ததுதான் அந்த உறவின் உள்ளீடு.

அந்த உறவு நாள்தோறும் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிய, பதிமூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மேனர் என்ற பண்ணையைப் பார்ப்பது பயனுடையது. தெற்கிலும் நடுப்பகுதியிலும் ஊரின் விளைநிலம் இரண்டு அல்லது மூன்று பெரிய திறந்தவெளி வயல்களாக இருந்தது. ஒவ்வொரு வயலும் நீண்ட கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரே குடும்பத்தின் கீற்றுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. மூன்று வயல் முறையில் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பார்லி, ஓட்ஸ், பயறு, மூன்றாவது தரிசு என்று ஆண்டுதோறும் சுழற்சி நடந்தது. இந்நிலத்தில் ஒரு பகுதி பிரபுவின் சொந்தச் சாகுபடிக்கு உரியது. அதை உழுது விதைத்து அறுக்கும் பொறுப்பு, வில்லெயின் எனப்பட்ட பண்ணையடிமை உழவர்கள்மீது விழுந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் கூலியின்றி வேலை செய்வதோடு, தங்கள் கதிர் முற்றி நிற்கும் அறுவடைக் காலத்தில் பிரபுவின் வயலுக்கு மேலும் சில நாள்கள் போயாக வேண்டும். குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டிலிருந்த சிறந்த எருதோ குதிரையோ பிரபுவுக்குச் சாவு வரியாகப் போயிற்று. அடுத்த சிறந்த கால்நடையைப் பங்குக் கோயில் எடுத்துக்கொள்வதும் வழக்கமாக இருந்தது. மகளின் திருமணத்துக்கு வரி, மகன் வெளியூரில் வேலைக்குப் போனால் ஆண்டுதோறும் தலைக்கட்டணம், நிலம் தந்தையிடமிருந்து மகனுக்கு மாறும்போது நுழைவுக் கட்டணம் என்று வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரபுவின் கணக்குப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். இவற்றையெல்லாம் விசாரித்து அபராதம் விதித்த பண்ணை நீதிமன்றமும் பிரபுவினுடையதே. பண்ணையடிமைக்கும் பிரபுவுக்கும் இடையிலான நில வழக்கை அரசரின் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது.

இக்கடமைகளுள் அளவில் சிறியதும் வெறுப்பில் மிகப் பெரியதும், தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்ற கட்டாயம். ஆலைக்குப் போனால் மாவில் ஒரு பங்கு போய்விடும். வீட்டிலேயே திருகையில் அரைத்துக்கொண்டால் அபராதம் விழும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்தில், வானியல் கடிகாரம் அமைத்த அறிஞராகவும் பெயர் பெற்ற மடாதிபதி வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு, 1330களின் தொடக்கத்தில் ஊராரின் திருகைக் கற்களைப் பறிமுதல் செய்து, மடாலயத்தின் விருந்தினர் கூடத்துக்குத் தளமாகப் பாவிவிட்டார். ஊரார் அதை அரை நூற்றாண்டு மறக்கவில்லை. 1381இல் இங்கிலாந்தில் வெடித்த உழவர் கிளர்ச்சியின்போது அவர்கள் மடாலயத்துக்குள் நுழைந்து அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து உடைத்து, கோயிலில் மந்திரித்த அப்பத்தைப் பகிர்ந்துகொள்வதைப் போல ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சியாளரை வெறுத்த அம்மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கமே இதைப் பதிவு செய்திருக்கிறார். பண்ணையடிமை முறையைப் பொருளாதார ஒப்பந்தமாக மட்டும் விளக்க முற்படும் கோட்பாடுகள் எதுவும் அந்தக் கல்துண்டுகளுக்குப் பொருள் சொல்ல முடியாது; மாவில் போன பங்கைவிட, தன் வீட்டுத் திருகையைத் தான் சுற்றக் கூடாது என்ற இழிவுதான் அங்கே நினைவில் தங்கியிருந்தது.

எல்லா உழவரும் பண்ணையடிமைகளாக இருந்தார்கள் என்று கொள்வதும் பிழையாகும். 1279ஆம் ஆண்டின் அரசு விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்த சோவியத் வரலாற்றறிஞர் கோஸ்மின்ஸ்கி, அவை எஞ்சியுள்ள மாவட்டங்களில் உழவர்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு அருகிலானோரே வில்லெயின்கள் என்றும், பிரபுவின் பெரும்பண்ணையும் கட்டாய உழைப்பும் சேர்ந்த பாடநூல் மாதிரி எல்லா ஊர்களிலும் காணப்படவில்லை என்றும் காட்டினார். இத்தாலியில் நகரங்கள் முந்திக்கொண்டன. பொலோஞ்ஞா நகராட்சி 1256இல் ஏறத்தாழ 5,800 பண்ணையடிமைகளை உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து விடுவித்து, அவர்களின் பெயர்களை மறு ஆண்டில் ஒரு நூலாகவே எழுதிவைத்தது. விடுவிக்கப்பட்டவர்கள் நகரத்துக்கு வரி செலுத்துவோர் ஆனார்கள் என்பதால், அறமும் வருவாயும் அங்கே ஒரே திசையில் நடந்தன. பிரான்சில் பத்தாம் லூயி 1315இல் அரச நிலங்களின் பண்ணையடிமைகள் பணம் கட்டி விடுதலை பெறலாம் என்று ஆணையிட்டபோதும் கருவூலத்தின் தேவையே முன்னின்றது.

கொள்ளைநோய்க்கு முந்தைய நூற்றாண்டு உழவருக்குச் சாதகமாக இருக்கவில்லை. மக்கள்தொகை தொடர்ந்து பெருகி, மேய்ச்சல் நிலமும் சதுப்பு நிலமும் உழவுக்கு வந்து, குடும்பத்துக்குரிய நிலம் சுருங்கியது. வின்செஸ்டர் ஆயரின் பண்ணைக் கணக்குகள் 1208 முதல் தொடர்ச்சியாகக் கிடைப்பதால், வரலாற்றறிஞர் எம்.எம். போஸ்டன் அவற்றில் பதிவான சாவு வரிகளை எண்ணி, விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் ஏழை உழவர்கள் கூடுதலாக இறந்ததைக் காட்டினார். 1315 முதல் 1317 வரை விடாது பெய்த மழையால் வடமேற்கு ஐரோப்பா முழுவதும் பரவிய பெரும் பஞ்சம், வாழ்வின் விளிம்பில் எத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்பதை வெளிப்படுத்திற்று. நிலத்துக்கு ஆள் அலைந்த அக்காலத்தில், அடிமைக்கட்டோடு வரும் நிலத்தையும் ஏற்க உழவர்கள் வரிசையில் நின்றார்கள். போஸ்டனின் விளக்கத்தில் கொள்ளைநோய் அந்த விகிதத்தைத் தலைகீழாக்கிற்று. மக்கள்தொகை குறைந்ததால் பிரபுவின் பிடி தளர்ந்தது.

ஆனால் 1349இல் இங்கிலாந்தில் முதலில் நடந்தது தளர்வு அன்று, இறுக்கம். நோய் இன்னும் ஓயாத அந்த ஜூன் மாதத்திலேயே மூன்றாம் எட்வர்டின் அரசு, அறுபது வயதுக்குட்பட்ட, உடல் வலிமையுள்ள, வேறு பிழைப்பில்லாத ஆண், பெண் அனைவரும் நோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. 1351இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டம், கதிர் அறுப்பவருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 2 பென்ஸ், இரண்டாவது வாரத்தில் 3 பென்ஸ், உலர்புல் சேகரிப்பவருக்கு 1 பென்னி என்று வேலைவாரியாகக் கூலியை நிர்ணயித்தது. மீறியவர்களைத் தண்டிக்கத் தனி நீதிபதிகள் அமர்த்தப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அபராதம் கட்டினார்கள். தனித்தனிப் பிரபுக்கள் தம் பண்ணைகளில் செய்ய முடியாததை ஆளும் வகுப்பு முழுவதும் சேர்ந்து அரசின் வழியாகச் செய்ய முயன்றதற்கு இது முதல் பெரிய எடுத்துக்காட்டு. அது முழுதாக வெற்றி பெறாததற்குக் காரணமும் அதற்குள்ளேயே இருந்தது. கூடுதல் கூலியும் சோறும் கொடுத்துப் பக்கத்துப் பண்ணையின் ஆளை இழுத்துக்கொண்டவர்கள் இதே நில உடைமையாளர்கள்தாம்.

உழவர்கள் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. 1377இல் தெற்கு இங்கிலாந்தின் பல ஊரார் பணம் திரட்டி, வில்லியம் அரசரின் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலிருந்து தம் ஊருக்குரிய பகுதியின் அதிகாரபூர்வப் படியை வாங்கினார்கள். தங்கள் ஊர் பழைய அரச நிலம் என்று நிறுவிவிட்டால் கட்டாய உழைப்பிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சுப் போருக்காகப் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு 1 ஷில்லிங் வீதம் விதிக்கப்பட்ட மூன்றாவது தலைவரியை வசூலிக்கச் சென்ற அதிகாரிகளை எசெக்ஸ் மாவட்டத்தின் பிரென்ட்வுட்டில் ஊரார் விரட்டியடித்தபோது, கிளர்ச்சி வெடித்தது. எசெக்ஸிலிருந்தும் கென்ட்டிலிருந்தும் திரண்டவர்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். ஜூன் 14இல் மைல் எண்டில் பதினான்கு வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டு முன்னிலையில் அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் முதன்மையானவை, பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், ஏக்கருக்கு 4 பென்ஸுக்கு மேல் வாரம் வாங்கலாகாது என்பவை. அரசர் இணங்கிப் பட்டயங்கள் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் கிளர்ச்சியாளரின் தலைவர் வாட் டைலர் வெட்டப்பட்டார். ஜூலை முதல் வாரத்திலேயே பட்டயங்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. கிளர்ச்சியாளர் சென்ற ஊர்தோறும் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடி எரித்ததைக் கல்வியறிவற்ற கூட்டத்தின் மூர்க்கமாக அக்காலத்து நூலாசிரியர்கள் எழுதினார்கள். தம்மைக் கட்டிவைத்திருந்தது எழுத்துதான் என்பதை அவர்களை அடக்கியவர்களைவிட அந்த உழவர்களே தெளிவாக அறிந்திருந்தார்கள் என்று கொள்வதே பொருந்தும்.

கிளர்ச்சி தோற்றது; ஆனால் பண்ணையடிமை முறையும் நிலைக்கவில்லை. அதை முடித்துவைத்தது பெரும்பாலும் சத்தமில்லாத வெளியேற்றமே. பண்ணைச் சுருள்களில், இன்னாரின் மகன் இன்ன ஊரில் இருக்கிறான், அவனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற ஆணை ஆண்டுக்காண்டு எழுதப்பட்டு, யாரும் திரும்பாமலேயே ஒரு கட்டத்தில் கைவிடப்படுவதைக் காணலாம். அடிமை நிபந்தனையோடு நிலத்தை ஏற்க ஆள் வராதபோது, காலி நிலத்தைவிடக் குறைந்த வாரம் மேல் என்று பிரபுக்கள் பணக் குத்தகைக்கு இணங்கினார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் தம் சொந்தச் சாகுபடியையே பலர் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நீதிமன்றச் சுருளின் படி ஒன்றை உழவரிடம் கொடுத்து நிலம் வழங்கும் முறை பரவி, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசரின் பொது நீதிமன்றங்கள் அந்தப் படிவழி உரிமையைக் காக்கத் தொடங்கின. மார்க் பெய்லி 2014இல் வெளியிட்ட ஆய்வு, இத்தேய்வு முன்பு கருதப்பட்டதைவிட விரைவாக, நோய்க்குப் பிந்தைய முதல் சில பத்தாண்டுகளிலேயே தொடங்கிவிட்டதையும், அதற்குக் கிளர்ச்சியைவிடக் குத்தகைச் சந்தையில் பிரபுக்களுக்கிடையே நிலவிய போட்டி மிகுந்த பங்களித்ததையும் வலியுறுத்துகிறது. கட்டடத் தொழிலாளரின் உண்மைக் கூலி, அதாவது பெற்ற காசைக் கொண்டு வாங்க முடிந்த பண்டத்தின் அளவு, பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

மேற்கு முழுவதும் ஒரே சீராக விடுதலை அடைந்துவிடவும் இல்லை. கட்டலோனியாவில் நோய்க்குப் பின் பிரபுக்கள் பிடியை இறுக்கினார்கள். ரெமென்சா எனப்பட்ட உழவர்கள் 1462 முதல் இருமுறை ஆயுதமேந்திப் போராடிய பின்னரே, அரசர் இரண்டாம் பெர்னாண்டோ 1486இல் குவாடலூப் தீர்ப்பின் மூலம், பண்ணை வீடு ஒன்றுக்கு 60 சூ ஈட்டுத்தொகைக்குப் பழைய இழிகடமைகளை நீக்கினார். தென்மேற்கு ஜெர்மனியில் சிற்றரசர்களும் மடாலயங்களும் உடலடிமை நிலையை மீண்டும் வலியுறுத்தியதன் விளைவாக, 1525இல் மெம்மிங்கனில் உழவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் மூன்றாவது அடிமை நிலையின் ஒழிப்பையும், பதினொன்றாவது சாவு வரியின் ஒழிப்பையும் கேட்டன. அக்கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. இப்பகுதிகளைக் கணக்கில் கொண்டால், கொள்ளைநோய் தானாகவே விடுதலை தந்தது என்ற கருத்து மேற்கு ஐரோப்பாவுக்குள்ளேயே நிற்காது.

எல்பேவுக்குக் கிழக்கே அது அறவே நிற்காது. பன்னிரண்டு, பதிமூன்றாம் நூற்றாண்டுகளில் ஜெர்மானிய, டச்சுக் குடியேறிகளைக் காடழித்து ஊரமைக்க அழைத்த பிரபுக்கள், சில ஆண்டுகள் வரிவிலக்கு, நிலையான வாரம், பரம்பரை உரிமை, விரும்பினால் நிலத்தை விற்றுப் புறப்படும் சுதந்திரம் ஆகியவற்றை அளித்தார்கள். உள்ளூர் ஸ்லாவிய உழவர் பலருக்கும் அச்சலுகைகள் கிடைத்தன. அங்கே நிலம் என்றும் மிகுதி, ஆள் என்றும் குறைவு. கறுப்பு மரணம் போலந்தில் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது விவாதத்துக்குரியது என்றாலும், இப்பற்றாக்குறையில் ஐயமில்லை. அந்நிலத்தில்தான் 1496இல் போலந்தின் பியோட்ர்கூவ் சட்டம், ஓர் ஊரிலிருந்து ஆண்டுக்கு ஓர் உழவர் மட்டுமே வெளியேறலாம் என்று வரம்பிட்டது. அதே சட்டம் நகரவாசிகள் நிலம் வாங்குவதையும் தடுத்தது. 1518இல் போலந்து அரசர் பிரபுக்களின் உழவர்கள் கொண்டுவரும் முறையீடுகளை விசாரிப்பதைக் கைவிட்டார். 1520இல் வாரத்துக்கு ஒரு நாள் கூலியில்லா உழைப்பு கட்டாயமாகி, அடுத்த நூற்றாண்டில் அது பல பண்ணைகளில் மூன்று நாளுக்கு மேலும் உயர்ந்தது. ஹங்கேரியில் 1514இல் டோஷா தலைமையில் நடந்த உழவர் எழுச்சி நசுக்கப்பட்டவுடன், உழவர்கள் என்றென்றைக்கும் பிரபுவுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சட்டமாயிற்று. ரஷ்யாவில் 1497ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, இலையுதிர்காலத்தின் புனித ஜார்ஜ் நாளை ஒட்டிய இரண்டு வாரங்களில் மட்டுமே உழவர் இடம்பெயரலாம் என்றது. 1649ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்த வாசலையும் அடைத்தது. எங்கெல்ஸ் இதனை இரண்டாம் பண்ணையடிமை முறை என்று குறித்தார்.

இவ்வேறுபாட்டுக்குத் தரப்படும் விளக்கங்களுள் வணிகத்தை மையமாகக் கொண்டது பழமையானது. ஆன்ரி பிரென் நகரங்களும் தொலைதூர வணிகமும் உயிர்பெற்றதால் பழைய பண்ணையமைப்பு கரைந்தது என்றார். பால் ஸ்வீஸி 1950இல் மாரிஸ் டாபுடன் நடத்திய விவாதத்தில் அதே திசையில் வாதிட்டார். ஆனால் இங்கிலாந்திலேயே, லண்டன் சந்தைக்கு எளிதில் தானியம் அனுப்பக்கூடிய தென்கிழக்கில்தான் கட்டாய உழைப்பு நீண்டகாலம் நீடித்தது என்று போஸ்டன் 1937இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். போலந்தில் 1466க்குப் பின் விஸ்துலா நதிவழியே கிதான்ஸ்க் துறைமுகத்துக்குத் தானியம் இறங்கத் தொடங்கியதும், அந்தத் தானியத்தை விளைவிக்க மேலும் கட்டாய உழைப்பே கேட்கப்பட்டது. சந்தை இருபுறமும் வெட்டும் என்பது இதனால் தெளிவாகிறது. தானிய ஏற்றுமதியே கிழக்கின் அடிமைமுறைக்குக் காரணம் என்று சொல்லவும் வழியில்லை. ஏற்றுமதி உச்சமடைந்தது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். இடப்பெயர்வுத் தடைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஹங்கேரி முதன்மையாக மாடுகளை ஏற்றுமதி செய்தது. ரஷ்யாவின் முறையோ படைசேவைக்கு நிலம் பெற்ற சிறு பிரபுக்களின் தேவையிலிருந்து வளர்ந்தது.

எவ்ஸி டோமர் 1970இல் எழுதிய சுருக்கமான கட்டுரை, மிகுதியான நிலம், சுதந்திரமான உழவர், உழைக்காத நிலவுடைமையாளர் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டுதான் ஒருசேர இருக்க முடியும் என்ற கூர்மையான வாதத்தை வைத்தது. நிலம் மிகுந்து உழவர் சுதந்திரமாக இருந்தால், அவர்கள் தமக்கென உழுதுகொள்வார்கள். பிரபுவுக்கு வாரம் எஞ்சாது. ஆகவே பற்றாக்குறைதான் பிரபுவை அடிமைப்படுத்தத் தூண்டுகிறது. இவ்வாதத்தின் சிறப்பு, போஸ்டனின் கணக்கை அப்படியே திருப்பிப் போடுவதில் இருக்கிறது. அதன் எல்லையை டோமரே உணர்ந்திருந்தார். பிரபுக்களுக்குத் தூண்டுதல் இருப்பது வேறு, அதை நிறைவேற்றும் வலிமை இருப்பது வேறு. நோய்க்குப் பிந்தைய இங்கிலாந்தில் தூண்டுதல் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்கு 1351ஆம் ஆண்டுச் சட்டமே சான்று.

ராபர்ட் பிரென்னர் 1976இல் ‘பாஸ்ட் அண்ட் பிரசென்ட்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில்தான் நுழைந்தது. மக்கள்தொகையும் வணிகமும் ஒரே மாதிரி இருந்தும் விளைவுகள் எதிரெதிராக அமைந்ததற்கு, பிரபுக்களுக்கும் உழவர்களுக்கும் இடையிலான வர்க்க வலிமையின் வேறுபாடே காரணம் என்று அவர் வாதிட்டார். மேற்கு ஜெர்மனியின் ஊர்ச்சமூகங்கள் பொது நிலத்தையும் ஊர்த்தலைவர் தேர்வையும் பற்றி நூற்றாண்டுகளாகப் போராடி உறுதி பெற்றிருந்தன. பிரபுக்களின் முகவர்களால் திட்டமிட்டு அமைக்கப்பட்ட கிழக்கின் குடியேற்ற ஊர்களுக்கு அந்த மரபு வாய்க்கவில்லை. போஸ்டனும் லெ ராய் லதூரியும் இதை மறுத்து எழுதினார்கள். அவ்விவாதம் 1985இல் தனி நூலாயிற்று. பிரென்னரின் அடிப்படைக் கருத்து இன்றளவும் வலுவாகவே நிற்கிறது. ஆனால் அவர் உழவரின் கூட்டுப் போராட்டத்துக்குக் கொடுத்த இடம் மிகுதி; அரசின் இயல்புக்கும் நகரங்களின் நிலைக்கும் கொடுத்த இடம் போதாது. இங்கிலாந்தில் வென்றது கிளர்ச்சி அன்று, ஓடிப்போதல். ஓடிப்போனவருக்குப் போக இடமும், அவரைப் பிடித்துத் தர மறுக்கும் மற்றொரு பிரபுவும், விலகி நிற்கும் ஓர் அரசும் இருந்தாக வேண்டும்.

அரசு இங்கே முடிவான வேறுபாட்டை உண்டாக்கிற்று. ஆங்கிலேய அரசர்கள் கூலிச் சட்டத்தில் பிரபுக்களோடு கைகோத்தாலும், நீதி வழங்கும் உரிமையை அவர்களுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுக்கவில்லை. ஓடிப்போன வில்லெயினைப் பிடித்துத் தருவது அரசின் வேலையாக ஆகவில்லை. பிரான்சில் நூற்றாண்டுப் போரின் நடுவே, 1439 முதல் நிலையான வரியாக உருப்பெற்ற தைய், உழவரின் மிச்சத்துக்கு அரசரைப் பிரபுவின் போட்டியாளராக ஆக்கியது. பிரபு அதிகம் உறிஞ்சினால் அரசருக்குக் குறையும் என்பதால், உழவரின் நிலவுரிமையைக் காப்பது அரசரின் நலனாயிற்று. போலந்திலோ 1374இல் கோஷிட்ஸ சலுகைப் பட்டயத்தால் பிரபுக்களின் வரிச்சுமை ஒரு சிறு தொகையாகச் சுருங்கியது. 1505ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் மன்றத்தின் இசைவின்றி அரசர் புதிதாக எதையும் செய்ய முடியாதவாறு கட்டிப்போட்டது. அந்த மன்றத்தில் பிரபுக்கள் ஒருவருக்கொருவர் ஆளை இழுப்பதைத் தமக்குள் தாமே தடைசெய்துகொள்ள முடிந்தது. ஆங்கிலேயப் பிரபுக்கள் எட்ட முடியாத ஒற்றுமை அது. மேற்கே ஓர் ஆண்டும் ஒரு நாளும் வாழ்ந்தவரைச் சுதந்திரராக ஏற்ற நகரங்கள் பல இருந்தன. கிழக்கே நகரங்கள் எண்ணிக்கையிலும் சிறுத்து, அரசியலில் குரலும் இழந்தன. ரஷ்யாவில் அரசர் வலிமையுடன் இருந்தும் விளைவு அதேயானது, ஏனெனில் அவர் தம் படைவீரர்களின் பிழைப்புக்காக உழவரைத் தேடிப் பிடித்துத் தருவதை அரசின் கடமையாகவே ஏற்றுக்கொண்டார். எனவே வலிமையான அரசு, வலுவற்ற அரசு என்ற பிரிவினை மட்டும் போதாது. அந்த அரசு யாருடைய வருவாயை நம்பி நின்றது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மேற்கின் விடுதலைக்கு ஒரு விலையும் இருந்தது. பிரெஞ்சு உழவர் நிலத்தை வைத்துக்கொண்டு வரியின் கீழ் நசுங்கினார். ஆங்கிலேய உழவருக்கு உடலின்மீது உரிமை கிடைத்தது. நிலத்தின்மீது உறுதி கிடைக்கவில்லை. குத்தகை முடிந்த நிலங்களை வேலியடைத்து ஆட்டு மேய்ச்சலாக மாற்றியதால் யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி போன்ற ஊர்கள் ஆளற்றுப் போயின. 1549இல் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையில் எழுந்தவர்கள் வேலியடைப்பை எதிர்த்ததோடு, எஞ்சியிருந்த அடிமைநிலை மக்கள் அனைவரும் விடுவிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டார்கள். இங்கிலாந்தில் பண்ணையடிமை முறையை ஒழித்த சட்டம் என்று ஒன்று இயற்றப்படவே இல்லை. முதலாம் எலிசபெத் 1574இல் அரச நிலங்களில் எஞ்சியிருந்த அடிமைக்குடிகளைக் கட்டணம் பெற்று விடுவிக்க ஆணையர்களை அமர்த்தினார். ஒருவர் வில்லெயினா இல்லையா என்ற கேள்வி ஆங்கில நீதிமன்றத்தில் கடைசியாக எழுந்த வழக்கு 1618இல் முடிந்தது. பிரஷ்யா 1807இலும் ரஷ்யா 1861இலும் பண்ணையடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தன. ரஷ்ய உழவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்துக்கான மீட்புத் தொகையைத் தவணைதவணையாகக் கட்டிவந்தார்கள். 1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு, 1907 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் அது நிறுத்தப்பட்டது.